அத்தையையே பார்த்தவர்

என் அக்காவைப் பெண் பார்க்க ஆயர் ஈத்தாம் என்ற ஊரிலிருந்து டிராமில் வந்திறங்கினார் மாப்பிள்ளையின் அப்பா. வெள்ளைக் கோட்டு, நரைத்த கிருதா. அக்கா காப்பித் தட்டோடு வந்து நின்றாள். அவரோ பக்கத்தில் நின்ற அத்தையையே வைத்த கண் வாங்காமல் பார்த்துப் புன்னகைத்தார். அத்தையின் புருஷனான மாமாவுக்கு மீசை துடித்தது. அத்தையை அடுப்படிக்கு விரட்டினார். அவள் போன பிறகும் பெரியவர் வெறும் சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“பொண்ணு இங்க நிக்குது. சுவத்துல என்னங்க சிரிப்பு?” என்று சீறினார் மாமா.

“கோவிக்காதீங்க லா. வயசாச்சு, நடுப்பார்வை போயிருச்சு. யார நேரா பாத்தாலும் மூஞ்சி இருக்கிற எடத்துல கறுப்பா ஒரு திட்டுதான். கொஞ்சம் தள்ளிப் பாத்தாத்தான் ஆள் தெரியும். பொண்ணு சிரிப்ப அடக்க முடியாம தட்ட ஆட்டுது பாருங்க, காப்பி கொட்டப் போகுது!”

கொட்டியது, மாமாவின் வேட்டியில்.

கல்யாணம் நடந்தது. பிறகு வரும்போதெல்லாம் அவர் எங்கள் காதுக்குப் பக்கமாய்ப் பார்த்துப் பேசுவார். மாமாவை மட்டும் நேருக்கு நேர் பார்ப்பார்.

“என் மூஞ்சியப் பாத்துப் பேசுறாரு. மரியாதை தெரிஞ்ச மனுசன்!” என்று மாமா பூரித்துப்போவார். அன்று பெரியவர் சொன்னதை அவருக்கு ஞாபகப்படுத்த எங்களில் யாருக்கும் மனசு வரவில்லை.