மேல் பல்லும் மறந்துபோன நம்பர்களும்

கிள்ளான் கிளைக்கு இணைப்பு கேட்டார்கள். பதினொரு வருடமாகப் புத்தகத்தைப் பார்க்காமலே போட்ட நம்பர். அன்று என் விரல் அந்தரத்தில் நின்றது.

அது 1984. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தேன். முந்நூறு நம்பர்கள் எனக்கு மனப்பாடம். அந்தக் கர்வம் எனக்கு நிறையவே உண்டு.

மூன்று மாதமாக மேல் கடைவாய்ப் பல் வலித்துக்கொண்டிருந்தது. கிராம்பை அடக்கிக்கொண்டு கஞ்சி குடித்தேன். தூக்கம் போயிற்று. தினமும் லேசான காய்ச்சல். பிறகு நம்பர்கள் ஒவ்வொன்றாக நழுவின. மேலதிகாரி மிஸஸ் லிம், மாதக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் ஃபைல் அறைக்கு மாற்றிவிடுவதாகச் சொன்னார். கழிவறையில் நின்று அழுதேன்.

பல்லைப் பிடுங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். மேல் பல்லைத் தொட்டால் கண்ணும் மூளையும் போய்விடும் என்பது எங்கள் வீட்டில் கோர்ட்டுத் தீர்ப்பு மாதிரி. “இருக்கிற ஞாபகமும் போயிடும், சரோ,” என்றார் என் கணவர். நானும் நம்பினேன். என் மறதிக்குப் பயந்தே அந்தப் பல்லைக் காப்பாற்றி வைத்திருந்தேன். இப்படியும் ஒரு முட்டாள்தனம்.

கன்னம் வீங்கியபோதுதான் கிள்ளானில் ஒரு பல் டாக்டரம்மாவிடம் போனேன். எக்ஸ்ரேயில் ஆப்சஸ் (பல்லின் வேரடியில் சீழ் கட்டுவது) தெரிந்தது. எடுத்தே ஆகவேண்டும் என்றார். மூளைக்கு ஒன்றும் ஆகாதா என்று கேட்டேன்.

“மறதிக்குப் பல்லுதான் காரணம்னு நான் அடிச்சுச் சொல்ல முடியாது, அக்கா. ஆனா சீழ வெச்சிக்கிட்டு, சாப்பிடாம தூங்காம இருந்தா மூள மட்டும் எப்படி லா வேல செய்யும்?”

வாயைத் திறந்தேன். பல் வெளியே வந்ததும் முதலில் டாக்டரம்மாவின் மேசை மேலிருந்த போன் நம்பரைப் படித்து, கண்ணை மூடிச் சொல்லிப் பார்த்தேன். சரியாக இருந்தது.

ஆன்டிபயாடிக் (கிருமியைக் கொல்லும் மருந்து) ஒரு வாரம். காய்ச்சல் விட்டது. நன்றாகத் தூங்கினேன், மென்று சாப்பிட்டேன். மூன்றாம் வாரம் நம்பர்கள் திரும்பி வரத் தொடங்கின. மாதக் கடைசியில் மிஸஸ் லிம் புத்தகத்தைத் தன் கையில் வைத்துக்கொண்டு இருபது பெயர்களைக் கேட்டார். இருபதும் சரி. கேட்காமலே அவர் வீட்டு நம்பரையும் சொன்னேன். சிரித்துவிட்டார். என் நாற்காலி என்னிடமே இருந்தது.

உடம்பு என்பது தலையை ஆபீசுக்குச் சுமந்துபோகும் பஸ் என்று அதுவரை நினைத்திருந்தேன். இப்போது ஈறு லேசாகக் கூசினாலும் அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுகிறேன். உங்கள் மறதிக்கு வேறு காரணம் இருக்கலாம். இருந்தாலும் வாயையும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

அந்த மூன்று மாதத்துக்குள் என் மகளின் பிறந்தநாள் வந்துபோயிருக்கிறது. போட்டோவில் வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன். கேக் வெட்டியது எனக்கு நினைவே இல்லை. அடுத்த வருடப் போட்டோவில் பல் போன இடம் தெரியச் சிரிக்கிறேன். அன்று யார் யார் வந்தார்கள், யார் எந்தச் சேலை கட்டியிருந்தார்கள், எல்லாம் சொல்வேன். கேளுங்கள்.