பெரட்டில் வாசித்த பேர்

பேத்தி காலையிலிருந்து பிரெஞ்சுப் பாடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். "அவே, அவியோன், அவியே" என்று ஒரே சொல் ஆளுக்கு ஆள் மாறுகிறது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"ஒண்ணு நடக்குறதுக்கு முன்னாடியே இன்னொண்ணு முடிஞ்சு போயிருந்துச்சுன்னு சொல்றது அம்மாச்சி. தமிழ்ல ஒண்ணு சொல்லுங்க, நான் மாத்துறேன்."

உடனே தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்து வாசலும் ஈரச் சாக்கின் வாடையும் ஞாபகம் வந்தன. நாலாம் வகுப்பு முடிந்த அன்று, என்னை மலைக்குக் கீழே போடியில் ஐந்தாம் வகுப்பு சேர்க்க அப்பாவிடம் கைநாட்டு வாங்கிவரச் சொல்லி வாத்தியார் ஒரு தாள் கொடுத்தார். தேயிலைச் சரிவில் விழுந்து எழுந்து ஓடினேன். அப்பா காலில் ஒட்டிய அட்டைக்கு உப்பு வைத்துக்கொண்டிருந்தார்.

"நேத்தே கங்காணிகிட்ட உம்பேரக் குடுத்துட்டேனே தாயி. காலையில பெரட்டுல வாசிப்பாக."

தாளை மடித்துப் பாவாடைக்குள் செருகிக்கொண்டேன். மறுநாள் பனியில், வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் என் பேரை வாசித்தார்கள். பள்ளிக்கூட நினைப்பில் "உள்ளேன் ஐயா" என்றேன். அத்தனை பேரும் சிரித்தார்கள்.

"வாத்தியாரம்மா வந்துட்டாகப்பா, வழி விடுங்க" என்றார் கங்காணி.

அப்பா மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். அதற்குப் பிறகு அவரிடம் கைநாட்டை நான் எப்படிக் கேட்பது?

"சொல்லுங்க அம்மாச்சி."

அப்பா முன்னாடியே பேர் கொடுத்திருந்தது வாய் வரை வந்துவிட்டது. பேத்தி பேனாவோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மழை வர்றதுக்கு முன்னாடியே துணிய எடுத்திருந்தேன்" என்றேன்.

நல்லா இருக்கு என்று சொல்லி, அதையே எழுதிக்கொண்டாள்.