கல் எடுக்கும் டாக்டர் ஏன் மாறினார்?

போன செவ்வாய்க்கிழமை, செங்கல்பட்டில் என் கிளினிக்குக்கு ரிசல்ட் கேட்க ஒருவர் தனியாக வந்தார். சேகர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு ஃபேக்டரியில் வேலை. கல்யாணமாகி ஆறு வருடம், குழந்தை இல்லை. ஸ்கேன், ஊசி, மாத்திரை – எல்லாம் மனைவிக்குத்தான். என்னிடம் வரும்வரை அவர் ஒரு தடவைகூட டெஸ்ட்டுக்குப் போனதில்லை. இதிலென்ன அதிசயம்? என்னிடம் வருகிறவர்களில் நிறையப் பேர் இப்படித்தான்.

நான் எழுதிக் கொடுத்த இரண்டாவது டெஸ்ட்டின் ரிசல்ட்டைச் சொன்னேன். விந்தில் அணுக்களே இல்லை. அடைப்பா, உற்பத்தியே இல்லையா என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

சேகர் சுவரில் இருந்த என் சான்றிதழ்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொதல்ல கிட்னி கல்லு எடுக்குற டாக்டராத்தான் இருந்தீங்களா சார்?"

"ஆமா. ஒம்பது வருஷம்."

"அப்பால இன்னாத்துக்கு இந்தப் பக்கம் வந்தீங்க?"

மேடைகளில் சொல்வதற்கு என்னிடம் ஒரு பதில் உண்டு – டாக்டர்கள் குறைவு, தேவை அதிகம்... அன்று அது வாயில் வரவில்லை.

"எனக்கும் இதே ரிப்போர்ட்தான் வந்துச்சு" என்றேன்.

முழுவதும் சொன்னேன். அந்த ரிப்போர்ட்டைப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்ததை. வளைகாப்பு வீடுகளில் என் மனைவி சுமதி ஒதுங்கி நின்றபோது, என் உறவுக்காரர்கள் அவளுக்கு வைத்தியம் சொன்னபோது, பக்கத்திலேயே நின்றும் நான் வாய் திறக்காததை. மூன்று வருடம்! எனக்காக ரகசியமாகப் படிக்க ஆரம்பித்ததுதான் இந்தத் துறை. எனக்குப் பலிக்கவில்லை. கடைசியில் ஒருநாள் சுமதியிடம் சொன்னேன்.

"தெரியும். எப்பவோ பார்த்துட்டேன். நீங்களா சொல்லுவீங்கன்னுதான் இருந்தேன்" என்றாள்.

வேலையில் திருச்சிக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாள். சண்டையில்லை. குழந்தை இல்லை என்பதற்காகவும் போகவில்லை.

சேகர் போனோடு வராந்தாவுக்குப் போனார். கதவு திறந்தே இருந்தது.

"இன்னாமே... இனிமே நீ ஊசி கீசி போட்டுக்க வாணாம். கொறை என்கிட்டதான் கீது."

அப்புறம் போனை வைத்தார். முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"சாப்ட்டியான்னு கேட்டா சார்."

அடுத்த வாரம் இரண்டு பேரும் வருகிறார்கள்.

அன்று சாயங்காலம் நான் மாமல்லபுரத்தில் இருக்கும் என் ஃபிளாட்டுக்குப் போனேன். ஜன்னலைத் திறந்தால் கடல். பேச ஆளில்லை. சுமதியின் நம்பரை எடுத்தேன்... என்ன சொல்வது? சொல்ல வேண்டியதைத்தான் என்றைக்கோ சொல்லிவிட்டேனே – மூன்று வருடம் கழித்து.

அணு இல்லை என்றால் என்னிடம் வரலாம். வாய் திறக்காத மூன்று வருடத்துக்கு எந்த டாக்டரிடம் போவது?