இறங்க மறுத்த சோறு

முதலில் நின்றது ஒரு விள்ளல் இட்லி. எல்லோரும் கடைக்குக் கிளம்பிய பிறகு சாப்பிட உட்கார்ந்தேன். மென்றேன், தொண்டை வரை போனது, அங்கேயே நின்றுவிட்டது. தண்ணீர் குடித்தால் தண்ணீர் இறங்கியது, இட்லி இறங்கவில்லை. எழுந்து போய்த் துப்பினேன். மத்தியானம் சோறும் அப்படியே நின்றது.

உடம்பில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களுக்கு இருக்கும் எரிச்சல் எனக்கும் இருந்தது. இன்னும் முழுதாகப் போகவில்லை.

எங்களுடையது தி.நகரில் ஜவுளிக்கடை. கணவர் வீட்டார் தெற்கத்திக்காரர்கள், நானும் திருச்செந்தூர் பக்கம்தான். கடைக்குப் பின்தெருவில் வீடு. கணவரின் அண்ணன் குடும்பமும் மாமியாரும் நாங்களும் ஒரே சமையல். அண்ணனை நான் அத்தான் என்பேன், மாமியாரை அத்தை என்பேன். எங்கள் வீட்டில் யாரும் எங்கேயும் தனியாகப் போவதில்லை. முகூர்த்தப் பட்டு எடுக்க எப்படிக் கூட்டமாகப் போவார்களோ அப்படித்தான் டாக்டரிடமும் போவோம்.

எண்டோஸ்கோபி (வாய் வழியே குழாய் விட்டு இரைப்பை வரை பார்க்கும் சோதனை) எடுத்தார்கள். பேரியம் பரிசோதனை (சுண்ணாம்புத் தண்ணீர் போன்ற ஒன்றைக் குடிக்கவைத்து, அது இறங்குவதைப் படம் எடுப்பது) எடுத்தார்கள். தைராய்டு பார்த்தார்கள். ஒவ்வொரு டாக்டரும் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு மலர்ந்த முகத்தோடு "ஒண்ணுமில்லம்மா" என்றார். ஒன்றுமில்லாததற்கு ஏன் என் ரவிக்கைகளை மாசத்துக்கு ஒரு தடவை பிடித்துத் தைக்க வேண்டியிருக்கிறது என்று கேட்கத் தோன்றியது. கஞ்சியும் மோருமாக நாளை ஓட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் கடை டெய்லரே, அடுத்த தடவை பிடிக்க இடமில்லை என்று சொல்லிவிட்டார்.

யோசனை சொல்லாத ஆளில்லை. ஒருத்தி தேன் என்றாள், ஒருத்தி கண்ணேறு என்றாள், இன்னொருத்தி நான் ஒல்லியாக ஆசைப்பட்டு நடிக்கிறேன் என்று என் காதுபடவே சொன்னாள். மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் என்று பேச்சுக்குச் சொல்வார்கள். எனக்கு அது மூன்று வேளையும் நடந்தது.

கடைசியாக மயிலாப்பூரில் ஒரு மனநல மருத்துவரிடம் போனோம். வீட்டில் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை, "நரம்பு டாக்டர்" என்றே சொல்லிக்கொண்டார்கள். இந்தத் தொண்டை அடைப்புக்கு ஒரு பெயர் இருக்கிறது என்று அவர் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. குளோபஸ் (தொண்டையில் எதுவும் இல்லாமலே ஏதோ உருண்டை அடைத்ததுபோல் இருப்பது) என்றார். பதற்றத்தாலும் துக்கத்தாலும் வரலாம், அவஸ்தை நிஜம்தான், நடிப்பில்லை என்றார். அதைக் கேட்கத்தான் அத்தனை ஆஸ்பத்திரி ஏறி இறங்கியிருக்கிறேன்.

இது தொடங்குவதற்கு முன்னால் வீட்டில் ஏதாவது நடந்ததா என்று என்னைக் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அத்தான் பதில் சொல்லிவிட்டார்.

"ஒண்ணும் இல்ல சார். நல்லாத்தான் இருந்தா. புதுசா ஒரு கடைகூட திறந்தோம்."

மருத்துவர் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பதற்றத்தைக் குறைக்க ஒரு மாத்திரை எழுதினார். அது வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், பாதியில் நிறுத்தக்கூடாது, மாத்திரை மட்டும் போதாது என்று சொல்லி, ஆழ்வார்பேட்டையில் இருந்த ஓர் உளவியல் ஆலோசகரிடம் அனுப்பினார். "அங்க தனியா போங்க" என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

தனிநபர் சிகிச்சை என்றால் இதுதான்: ஒரு சின்ன அறை, எதிரில் ஒருத்தர், குறிப்பிட்ட நேரம். அவர் அறிவுரை சொல்லமாட்டார். எனக்கு அது பெரிய ஏமாற்றம். நான் என்ன சொன்னாலும் அந்தப் பெண், "அப்போ உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" என்றே கேட்டார். எப்படி இருந்தால் என்ன, இட்லி இறங்க வழி சொல்லுங்கள் என்று ஒருநாள் கத்தியே விட்டேன். அவர் கோபப்படவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது. ஆனால் அடுத்த வாரமும் போனேன். அங்கே எனக்குப் பதிலாக வேறு யாரும் பேசவில்லை, அதற்காகவே போனேன். அப்படித்தான் ஒருநாள் புதுக்கடை திறந்த அன்று நடந்ததைச் சொன்னேன்.

அன்று காலையில் ஊரில் என் அப்பா இறந்துபோனார். தம்பி என் கணவருக்குப் போன் செய்தான். கடை வாசலில் கோலம் போட்டு, குத்துவிளக்கேற்றி, முதல் போணி என் கையால் ஆக வேண்டும் என்று ஏற்பாடு. சாவுச் சேதி காதில் விழுந்துவிட்டால் எனக்குத் தீட்டு, விளக்கைத் தொட முடியாது. அதனால் எனக்குச் சொல்லவில்லை. நான் பட்டுப் புடவை கட்டி, விளக்கேற்றி, முதல் புடவையை எடுத்துக் கொடுத்து, சிரித்து, இலையில் உட்கார்ந்து வடை பாயசத்தோடு சாப்பிட்டேன். சாயங்காலம், "உங்கப்பாவுக்குக் கொஞ்சம் முடியலையாம், கிளம்பு" என்றார்கள். செங்கல்பட்டு தாண்டிய பிறகுதான் விஷயத்தைச் சொன்னார்கள்.

நான் போய்ச் சேரும்போது பொழுது விடிந்துகொண்டிருந்தது. எல்லோரும் அழுது ஓய்ந்திருந்தார்கள். என் அழுகை தனியாகக் கேட்டது. சாவு வீட்டில் அடுப்பு எரியாது என்பது உங்களுக்குத் தெரியும். அம்மாவும் தம்பியும் முந்தின நாள் காலையிலிருந்து பட்டினி. நான் ஒருத்திதான் அங்கே விருந்து சாப்பிட்டுவிட்டு வந்து நின்றேன்.

நல்ல காரியம் முடியட்டும் என்று சாவை மறைத்துவைப்பது ஊரில் இல்லாத வழக்கமில்லை. உங்கள் வீட்டிலும் நடந்திருக்கலாம். எல்லாரும் அதைப் பாசம் என்றே சொல்வார்கள்.

என்னால் கணவரோடு முகம் கொடுத்துப் பேச முடியவில்லை என்று ஆழ்வார்பேட்டை ஆலோசகரிடம் சொன்னதும், அடையாறில் தம்பதி சிகிச்சையும் குடும்ப சிகிச்சையும் செய்யும் ஒரு மூத்த பெண் ஆலோசகரிடம் போகச் சொன்னார். தம்பதி சிகிச்சை என்றால் கணவனும் மனைவியும் மட்டும் என்று கடையிலிருந்த கணவரிடம் போனில் இரண்டு தடவை சொன்னேன். அன்றைக்குக் காரில் ஏறினால் பின்சீட்டில் அத்தானும் அத்தையும். அத்தை மடியில் பழக்கூடை வேறு. புருஷன் பெண்டாட்டி சங்கடம் என்றால் பெரியவர்கள் இல்லாமல் எப்படி என்று கேட்டார்கள். ஆலோசகர் அம்மா அவர்கள் இருவரையும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, பழக்கூடையையும் பணிவாகத் திருப்பிக் கொடுத்தார். அத்தைக்கு அது பெரிய அவமானம்.

உள்ளே என் கணவர் காலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். எதைக் கேட்டாலும் "அண்ணன் சொன்னாரு" என்றார். அடுத்த முறையும் அதே. அதற்கடுத்த முறையும் அதே. அந்த அம்மா தண்ணீர் குடித்துவிட்டு, இது இரண்டு பேர் விஷயம் மட்டும் இல்லை, எல்லோரையும் கூட்டி வாருங்கள் என்றார். அதைக் கேட்டு எங்கள் வீட்டில் சந்தோஷப்பட்டது அத்தான் ஒருவர்தான்.

குடும்ப சிகிச்சையை அவர் பஞ்சாயத்து என்று நினைத்துவிட்டார். வெள்ளைச் சட்டை போட்டு வந்து, நடந்ததையெல்லாம் தானே வரிசையாகச் சொல்லி முடித்து, "யாரு மேல தப்புன்னு நீங்களே சொல்லிடுங்க மேடம். நாங்க கட்டுப்படுதோம்" என்றார். நான் தீர்ப்புச் சொல்ல உட்காரவில்லை என்றார் அந்த அம்மா. பிறகு ஒரே ஒரு விதி வைத்தார். ஒவ்வொருவரும் தனக்காக மட்டும் பேச வேண்டும், மற்றவருக்காகப் பேசக்கூடாது.

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் அந்தப் பழக்கம் கிடையாது. கடையில் கல்லாவில் இருப்பவர்தான் விலை சொல்வார், மற்றவர்கள் வாய் திறக்கமாட்டார்கள். வீட்டிலும் அதுதான். அத்தான் நாலைந்து தடவை வாயெடுத்து அடக்கிக்கொண்டார். கடைசியில் பேசியது அத்தை.

"எனக்குக் காலையிலேயே தெரியும். இவ ஊருக்குப் போனா பச்சத் தண்ணி குடிக்க மாட்டாளேன்னுதான் பக்கத்துல நின்னு பரிமாறுனேன். போதும் போதும்னா. நான்தான் பாயசம் ரெண்டாந் தடவ ஊத்துனேன்."

அந்தக் கரண்டி எனக்கு ஞாபகம் வந்தது. பக்கத்தில் நின்ற அவர் சேலை, "குடி தாயி" என்ற குரல், எல்லாமே. அன்றைக்கு எனக்குக் கிடைத்த மரியாதை என்று அதை நினைத்திருந்தேன்.

"நான் பசியோட போயிருப்பேன், அத்தை. எங்கப்பாவுக்காகப் பசியோட போயிருப்பேன்."

"பசியோட எப்படி அனுப்ப?" என்றார் அவர். நிஜமாகவே புரியாமல் கேட்டார். எத்தனை தடவை விளக்கினாலும் அவருக்கு அது புரியப்போவதில்லை என்று எனக்கு அப்போது தெரிந்துவிட்டது. குடும்ப சிகிச்சைக்குப் போனால் எல்லோரும் கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று நினைத்துப் போகாதீர்கள். எங்கள் வீட்டில் ஒருத்தரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

ஆனால் என் கணவர் தலை நிமிர்ந்தார். "போன் எனக்குத்தான் வந்துச்சு. நான் சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்" என்றார். அந்த மூன்று வாக்கியத்தில் ஒரு இடத்திலும் அண்ணன் இல்லை.

நான் ஒன்றே ஒன்று கேட்டேன். இனி என்னுடைய சேதி முதலில் எனக்கு வர வேண்டும், நல்ல நேரம் கெட்ட நேரம் பார்க்காமல். அத்தான் சரி என்றார், பேரம் படிந்தவர்போல. அத்தை செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.

அன்றே தொண்டை திறந்துவிடவில்லை. முதலில் குழைந்த சோறு, பிறகு தோசை, பிறகு எப்போதாவது ஒரு வடை. விழுங்குவதற்கான பயிற்சிகளும் சொல்லிக்கொடுத்தார்கள். தலையைக் குனிந்து நிதானமாக விழுங்க வேண்டும். சில நாள் இறங்கும், சில நாள் இறங்காது. அத்தை இப்போதும் பக்கத்தில் வந்து நின்றால் உருண்டை வந்துவிடும். அவரை நகரச் சொல்லிவிடுகிறேன். அதற்கும் கோபித்துக்கொள்கிறார்.

சென்ற தீபாவளிக்கு முந்தின ஞாயிறு. அன்று எங்கள் தெருவில் நடக்கவே இடமிருக்காது. மத்தியானம் தட்டில் சோறு போட்டுப் பிசைந்துகொண்டிருந்தேன். அந்த நேரத்தில் கடையை விட்டு வராத என் கணவர், வேர்க்க விறுவிறுக்க மாடியேறி வந்தார்.

"உங்கம்மா பாத்ரூம்ல விழுந்துட்டாங்க. இடுப்பெலும்பாம். ஆஸ்பத்திரில சேத்திருக்கான் உன் தம்பி. இப்பத்தான் போன் வந்துச்சு, நேரா வாரேன்."

அத்தை அடுப்படியிலிருந்து, "அவ சாப்புட்டு முடிக்கட்டும்லா" என்றார். என் கணவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் கையைக் கழுவினேன்.

முன்பெல்லாம் எனக்கு இரண்டு நேரம் இருந்தது: ஒன்று நடந்த நேரம், மற்றது எனக்குத் தெரிந்த நேரம். அந்த இடைவெளியில்தான் இத்தனை நாள் என் தொண்டை நின்றுகொண்டிருந்தது. அன்று காரில் போகும்போது இரண்டும் ஒன்றாக ஓடின. பயமாக இருந்தது, அழுதேன், தம்பிக்குப் போன் செய்துகொண்டே இருந்தேன். விழுப்புரம் நெருங்கும்போது வயிறு காந்தியது. பசி என்று எனக்குப் புரிய நேரமாயிற்று, அத்தனை நாளாகிவிட்டது அது வந்து. நிறுத்தி ஏதாவது சாப்பிடுகிறாயா என்று கணவர் கேட்டார். வேண்டாம், அம்மாவைப் பார்த்துவிட்டுச் சாப்பிடுகிறேன் என்றேன். அவர் வண்டியை நிறுத்தவில்லை.