அரைக்கிலோ தாங்காத கொக்கி

கிளப் துப்பாக்கியின் ட்ரிகரில் திருட்டுத்தனமாக அரம் போட்ட மகராசா, உன்னைத்தான் சொல்கிறேன்: உன்னால் ஒரு பெண் ஒரு வாரமாகத் துப்பாக்கியைத் தொடவில்லை.

அடுத்தவன் கை வைத்துக் கெடுத்ததற்கு நாம் பேச்சு வாங்குவதுதான் ரிப்பேர் தொழில். ஸ்குரூ டிரைவரை வைத்துப் பிழைக்கும் மற்றவர்களே, உங்களுக்கு இது தெரியாததா? திருப்பூரில் பழைய தையல் மிஷின்களை வாங்கி, சரி செய்து, தொண்டை வறளப் பேரம் பேசி விற்கிறவன் நான். ஊரிலுள்ள துப்பாக்கி சுடும் கிளப்பின் காற்றுக் கைத்துப்பாக்கியும் எப்படியோ என் மேஜைக்கு வந்து சேர்ந்தது.

வெடுக்கென்று இழுத்த கதை

முதல் நாள் நானே சுட்டுப் பார்த்தேன். குண்டு குறி அட்டையை விட்டுச் சுவரில் பட்டது. துப்பாக்கிதான் கோணல் என்று கத்தினேன். கோச் சாமியப்பன் என் விரலை எடுத்து ட்ரிகர் மேல் வைத்தார். கொஞ்ச தூரம் லேசாகப் போய், ஓர் இடத்தில் தட்டி நின்றது. அதற்கப்புறம் மெல்ல அழுத்தினால், உள்ளே ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும் இரண்டு சின்னக் கொக்கிகள் நழுவும், அவ்வளவுதான்.

"ஏனுங்க, வெலை பேசறாப்பல வெடுக்குனு இழுத்தா எப்படீங்க? எப்ப வெடிச்சுதுன்னு உங்களுக்கே தெரியக்கூடாதுங்க."

செல்வியின் விரல்

செல்வி தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். சொந்தத் துப்பாக்கி கிடையாது, கிளப்புடையதுதான். ஷிப்ட் முடிந்து வரும்போது விரல் வீங்கியிருக்கும். பாவமே என்று, அவளிடம் சொல்லாமல் ட்ரிகர் ஸ்பிரிங்கை இளக்கிவிட்டேன்.

போட்டிக்கு முன்னால் நடுவர்கள் ட்ரிகரில் அரைக்கிலோ எடையை மாட்டித் துப்பாக்கியைத் தூக்குவார்கள். கொக்கி விடாமல் நின்றால்தான் உள்ளே விடுவார்கள். மாவட்டப் போட்டியில் டக்கென்று விட்டுவிட்டது. ஓடிப்போய் ஸ்குரூவை முறுக்கி, மறுபடி காட்டி, பாஸ் வாங்கினேன். திட்டுவாள் என்று நின்றேன்.

"அண்ணாச்சி, பாரம் எனக்குப் பெருசில்ல. சொல்லாம மட்டும் மாத்தாதிய."

அரம் போட்ட கீறல்

போன வாரம் எவ்வளவு முறுக்கியும் எடை நிற்கவில்லை. பிரித்தேன். ட்ரிகரை லேசாக்க யாரோ கொக்கி மூக்கில் அரம் போட்ட கீறல்! கடைசியாகக் கையில் வைத்திருந்தவள் செல்வி, முன்பும் ஒருமுறை எடையில் தவறியவள். ஆள் தெரியும்வரை அவள் தொடக்கூடாது என்று கமிட்டி சொல்லிவிட்டது. அடுத்த மாதம் மாநிலப் போட்டி. முன்பு இளக்கியது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன், அவளைக் காப்பாற்ற நான் பொய் சொல்வதாகச் சொன்னார்கள். கிளப்பே அதிரக் கத்தினேன். அவள்தான் என் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தாள்.

"சத்தம் போடாதிய அண்ணாச்சி. செஞ்சவிய பயந்துபோயி சொல்லாமலே இருந்திருவாவ."

ஆகவே மகராசா, சத்தத்தைக் குறைத்துச் சொல்கிறேன்: புதுக் கொக்கிக்கு வேண்டுமானால் உனக்காக நானே பேரம் பேசித் தருகிறேன், ஆனால் கமிட்டி முன்னால் வந்து "நான்தான்" என்று நீ சொல்வதில் பேரமே கிடையாது.