நெலிடாவுக்காக ஒரு கிண்ணம்

நுரை அடங்கும்வரை பசிலியா கொல்கே, கினோவாத் தானியத்திலிருந்து கையை எடுப்பதில்லை. வாளியின் மேல் படிந்த பனிக்கட்டியை உடைத்து, அந்த நீரையே ஊற்றி, தானியத்தை இரு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்துத் தேய்ப்பாள். சோப்புத் தண்ணீர்போலப் பொங்கிவரும் கசப்பை வடித்து வடித்து நீர் மாற்றுவாள். கடைசி நீரை நாக்கில் தொட்டுப் பார்த்து முகம் சுளிக்காவிட்டால்தான் பானை அடுப்பேறும்.

மலையூரான சல்லபாட்டாவின் லாரி நிறுத்தத்தில், ஆப்பிளும் பட்டையும் போட்டுக் காய்ச்சிய அந்தக் கஞ்சிக்கு விடியும்போதே ஓட்டுநர்கள் வந்து நிற்பார்கள்.

"சீக்கிரம் ஊத்துக்கா, லோடு காத்துக்கிட்டு இருக்கு."

"லோடு எங்கயும் ஓடிப்போயிடாது. வாய் வெந்துபோச்சுன்னா உன் பொண்டாட்டிக்கு எவ பதில் சொல்றது?"

அவர்கள் சிரிப்பார்கள், அவள் சிரிக்க மாட்டாள். பெயர் சொல்லி யாரையும் கூப்பிடும் வழக்கமும் அவளுக்கு இல்லை. லாரியின் நிறம்தான் பெயர். "ஏய் பச்சை, கிண்ணத்தை வச்சுட்டுப் போ!"

வெள்ளை என்று ஒருவன் இருந்தான். எலாய் சம்பி. கினோவா மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஒரு நாள் காலை லாரியைப் பின்னால் எடுத்தான். பசிலியாவின் மகள் நெலிடா பின்னால் குனிந்து கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்ததை அவன் பார்க்கவில்லை. அவள் பள்ளியில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள்.

விசாரணை நடந்தது. அவன் குடித்திருக்கவில்லை, வேகமாக வரவில்லை, தூக்கக் கலக்கம்கூட இல்லை. பார்க்கவில்லை, அவ்வளவுதான். அதுதான் பசிலியாவுக்கு ஆறவே இல்லை. வாய்விட்டுச் சபிப்பதற்குக்கூட ஒரு குற்றத்தை அவன் மிச்சம் வைக்கவில்லை.

அவன் லாரியை விற்றுவிட்டு ஊரைவிட்டுப் போனான். அவள், துக்கம் கேட்க வந்தவர்கள் போய் முடிந்ததும், அதே இடத்தில் பானையோடு வந்து உட்கார்ந்தாள். "கடையை வேற இடத்துல போட்டுக்கக் கூடாதாக்கா?" என்று தங்கை யுஸ்தினா அழுதாள். "எம்மவ கடைசியா நின்ன இடத்தை எவளுக்கு விட்டுட்டு வரச் சொல்றே?" என்றாள் பசிலியா. அதன்பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நவம்பர் பிறந்தால் இறந்தவர்கள் ஒரு நாளைக்குத் திரும்பி வருவார்கள். கல்லறைமேல் துணி விரித்து, முகம் வைத்த ரொட்டிப் பொம்மைகளையும் பழங்களையும் அடுக்கி, கினோவாவைப் புளிக்கவைத்துச் செய்த சீச்சாவைச் சாடி நிறைய வைப்பார்கள். யார் வேண்டுமானாலும் வந்து ஜெபம் சொல்லலாம். சொன்னவருக்கு ஒரு ரொட்டியும் ஒரு கிண்ணம் சீச்சாவும் கொடுத்தாக வேண்டும். அவர் குடித்தால்தான் இறந்தவரின் தாகம் தீரும். மூன்று வருஷத்துக்கு இந்த விருந்து, அதோடு சரி.

போன நவம்பர், நெலிடாவுக்கு மூன்றாவது வருஷம். உச்சி வேளை நெருங்கிக்கொண்டிருந்தது. வந்திருக்கும் இறந்தவர்கள் விடைபெறும் நேரம் அது. அப்போது எலாய் சம்பி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கல்லறைகளுக்கு நடுவே நடந்து வந்தான்.

"எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுடா இங்க வந்தே? போடா!" யுஸ்தினா கத்திக்கொண்டு எழுந்தாள்.

அவன் போகவில்லை. புழுதியில் மண்டியிட்டான். ஜெபம் சொல்ல வருகிறவர்கள் முதலில் இறந்தவரின் பெயரைக் கேட்பார்கள். அவன் கேட்கவில்லை. "நெலிடாவுக்காக" என்று தொடங்கினான். பாதியில் வரி மறந்துபோயிற்று. முதலிலிருந்து தொடங்கினான். மறுபடியும் அதே இடத்தில் தடுக்கியது. தலையைக் குனிந்துகொண்டான்.

பசிலியா அவனைப் பார்த்தாள். இந்த மூன்று வருஷமும் மனத்துக்குள் அவனிடம் எத்தனையோ பேசியிருந்தாள்.

"மெதுவா சொல்லு" என்றாள். "அவ கிளம்ப இன்னும் நேரமிருக்கு."

அவன் சொல்லி முடித்தான். பசிலியா சாடியைச் சாய்க்கப் போனபோது யுஸ்தினா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேணாங்க்கா. இவனுக்கா?"

"இவனுக்கு இல்லடி. எம்மவ தாகத்தோட போகணுமா?"

யுஸ்தினா கையை விட்டாள். பசிலியா கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பி நீட்டினாள். அவன் இரண்டு கைகளாலும் வாங்கினான். கிண்ணம் சரிந்து, சீச்சா மண்ணில் சிந்தத் தொடங்கியது. பசிலியா அவனுக்கு எதிரே மண்டியிட்டாள். அவன் கைகளுக்கு அடியில் தன் கைகளைக் கொடுத்து, அவன் குடித்து முடிக்கும்வரை கிண்ணத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.