பெயரில்லாத நான்கு எண்கள்

போன வருடம் மார்கழிக் கடைசி. காப்பிப் பறிப்பு முடிகிற சமயம். ஏற்காட்டில் பல நாட்களாக வெயிலே தலைகாட்டவில்லை. ஊரே சளியும் இருமலுமாகத் திரிந்துகொண்டிருந்தது. ஏரிக்குக் கொஞ்சம் மேலே, ஒரு மளிகைக் கடையின் மாடியில் இருக்கும் சின்னக் கம்பெனியில் நான் வேலை பார்க்கிறேன். சிறு விவசாயிகளுக்குக் காப்பியும் மிளகும் காயவைக்கிற டிரையர் செய்து கொடுக்கிறோம். போனை எடுப்பது, மெஷின் எப்போது வரும் என்று சொல்வது, வராவிட்டால் திட்டு வாங்குவது, இவ்வளவும் என் பொறுப்பு. திட்டு வாங்கி எனக்கு நல்ல பழக்கம். திருப்பிக் கொடுத்தும் பழக்கம் உண்டு.

டிரையருக்குள் ஒரு சின்னச் சில்லு இருக்கிறது. எப்போது சூடு ஏற வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதெல்லாம் அதற்குள் ஏற்றிய புரோகிராம் பார்த்துக்கொள்ளும். அந்த புரோகிராமை எழுதுகிறவர் சேலத்திலிருந்து வந்த ஒரு பெண். என்னைவிடப் பத்து வயது சின்னவர். பிறந்ததிலிருந்தே கண் தெரியாது. திரையில் இருப்பதையெல்லாம் கம்ப்யூட்டரே அவர் காதில் வாசித்துக் காட்டும். ஒருநாள் அந்த ஹெட்போனை வாங்கிக் கேட்டுப் பார்த்தேன். அது ஓடுகிற வேகத்தில் ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. இவரோ அதைக் கேட்டுக்கொண்டே எலுமிச்சை சாதம் சாப்பிடுவார், நடுநடுவே என்னோடு வம்பும் பேசுவார். அடக்கத்தை மட்டும் அவரிடம் எதிர்பார்க்கக் கூடாது. "நான் எழுதுனா நின்னு பேசுமுங்கக்கா" என்று அவரே சொல்லிக்கொள்வார்.

அவர் எழுதுவது சி என்ற மொழி. அதில் ஒரு பழக்கம் அவருக்கு ஆகவே ஆகாது. எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். டாக்டர் சீட்டில் 1-0-1 என்று எழுதுவார். காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. எண்களுக்குப் பெயர் கிடையாது. இருக்கிற இடத்தை வைத்து நாமே புரிந்துகொள்கிறோம். திடீரென்று அந்த ஆஸ்பத்திரியில் காலைக்கும் மதியத்துக்கும் நடுவில் 'பதினோரு மணி' என்று ஒரு வேளையைச் சேர்த்துவிட்டார்கள் என்று வையுங்கள். பழைய சீட்டைத் திருத்தவில்லை. அப்போது இரவு மாத்திரை மதியமே வயிற்றுக்குள் போய்விடும், இரவுக்கு ஒன்றும் இருக்காது. சி மொழியிலும் இப்படி எண்களை வெறுமனே வரிசையாக அடுக்கலாம். எண் ஒன்று குறைந்தால் கடைசி இடத்தில் அதுவாகவே பூஜ்யம் போட்டுக்கொள்ளும், ஒரு வார்த்தை கேட்காது. ஒவ்வொரு எண்ணோடும் அது எதற்கென்று பெயர் சேர்த்து எழுதவும் வழி இருக்கிறது. எழுதத்தான் ஆள் இல்லை.

"கண்ணுல பாக்கறவங்க மேல கீழ பாத்து எது எதுன்னு தெரிஞ்சுக்குவாங்க. என் காதுல முப்பத்தெட்டு, நாப்பத்தஞ்சுன்னு வெறும் எண்ணுதானுங்க விழுது. எது சூடு, எது நேரம்னு நான் யாரைக் கேக்கறது?" என்பார். கோயம்புத்தூரில் இருந்துகொண்டு எங்களுக்குச் சில பகுதிகளை எழுதித் தருகிற இருவரிடமும் பெயர் போட்டு எழுதுங்கள் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். "ஆகட்டுங்க" என்பார்கள். அடுத்த தடவையும் வெறும் எண்தான் வரும்.

ஒருநாள் இவருக்குப் பொறுமை போய்விட்டது. இவர்கள் எழுதுவதைச் சில்லுக்குப் புரிகிற பாஷைக்கு மாற்றித் தர கம்பைலர் என்று ஒன்று உண்டு. எழுதியதில் ஏதாவது சந்தேகம் வந்தால் அது எச்சரிக்கையும் தரும். எங்கள் சில்லுக்கான கம்பைலர் பழையது, இந்த விஷயத்தில் மட்டும் வாயே திறக்காது. ஆனால் அதன் உள்வேலை முழுவதையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், மாற்றலாம் என்று பொதுவில் வைத்திருக்கிறார்கள். இவர் அதையே பிரித்துவிட்டார். பெயர் இல்லாமல் எண்களை அடுக்கினால் இனி கம்பைலரே கத்த வேண்டும் என்பது திட்டம். "நான் சொன்னா மறந்துருவாங்க. மெஷின் சொன்னா எப்படி மறக்கறாங்கன்னு பாக்கறேன்" என்றார். டிரையர் செய்கிற கம்பெனிக்கு இந்த வேலை தேவையா என்று முதலாளி முணுமுணுத்தார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

வாரக்கணக்கில் அதோடு மல்லுக்கட்டினார். முதலில் அது தொட்டதற்கெல்லாம் கத்தியது. சும்மா சும்மா கத்தினால் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள் என்று, சூடு, நேரம் போன்ற ஆபத்தான விஷயங்களை அடையாளம் வைத்து, அந்த இடங்களுக்கு மட்டும் கத்தும்படி மாற்றினார். ஒரு சாயங்காலம் சின்ன மாதிரி ஒன்றை வைத்துப் பார்த்தபோது சரியாக வேலை செய்தது. அன்று எங்கள் எல்லோருக்கும் அவர் செலவில் மிளகாய் பஜ்ஜி.

மறுநாள் காலை, தலைச்சோலையிலிருந்து ஒரு விவசாயி முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து நின்றார். அறுபதை நெருங்குகிற வயது. டிரையரை முந்தின நாளே அவர் வீட்டுக் கொட்டகையில் இறக்கிவிட்டோம். எங்கள் மெக்கானிக் அங்கே லேப்டாப்பை மாட்டிக்கொண்டு காத்திருந்தார். இங்கிருந்து புதிய புரோகிராமை அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. பெரியவர் ஒரு பையைத் திறந்து, தோல் நீக்கிக் கழுவிய காப்பிக் கொட்டையை ஒரு கை அள்ளி என் மேஜைமேல் வைத்தார்.

"மோந்து பாருங்க கண்ணு" என்றார்.

ஈரத் துணியை மூட்டை கட்டி வைத்தது மாதிரி ஒரு வாடை.

"வருசம் பூராப் பட்ட பாடுங்க. தார்ப்பாய்க்குக் கீழ அத்தனையும் இப்படித்தான் கெடக்குது. இன்னைக்குப் பொழுதோட சூடு காட்டலீன்னா பூசணம் ஏறிரும். அப்பறம் அத வாரிக் குப்பைலதான் கொட்டோணும்."

முதலாளி பதறிவிட்டார். "அனுப்பும்மா, அனுப்பும்மா" என்று நம் புரோகிராமரின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். நான் ஒரு காதில் மெக்கானிக்கைப் பிடித்து வைத்திருந்தேன். இவர் முழு புரோகிராமையும் தன் புதிய கம்பைலர் வழியாக விட்டார். முழுதாக விடுவது அன்றைக்குத்தான் முதல் தடவை. கொஞ்ச நேரத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது. ஒன்றே ஒன்று.

"எச்சரிக்கைதானே, பிழை இல்லையே? அனுப்பிவுடும்மா" என்றார் முதலாளி. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எச்சரிக்கை வந்தாலும் புரோகிராம் தயாராகிவிடும், தாராளமாக அனுப்பலாம். எங்கள் எல்லோருடைய அவசரமும் அந்தப் பக்கம்தான் இருந்தது.

"ஒரு நிமிசம் இருங்க" என்று இவர் அந்த வரியை மறுபடி கேட்டார். இன்னொரு தடவையும் கேட்டார். பிறகு ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டார். அவர் முகம் அப்படி மாறி நான் பார்த்ததில்லை.

காப்பிக்கான எண்கள் அவை. வேலையை விட்டுப் போய்விட்ட ஒருவர் எப்போதோ எழுதியது. கோயம்புத்தூரிலிருந்து வருவதற்கெல்லாம் இவரே உட்கார்ந்து பெயர் போட்டுவிடுவார், இது மட்டும் விட்டுப்போயிருந்தது. 38, 45, 60, 24. முப்பத்தெட்டு டிகிரிக்குக் கீழே இறங்கினால் சூடு போட வேண்டும், நாற்பத்தைந்தில் நிறுத்த வேண்டும், அறுபது நிமிடத்துக்கு ஒருமுறை கிளற வேண்டும், மொத்தம் இருபத்துநான்கு மணி நேரம் ஓட வேண்டும். புதிய புரோகிராமில் காற்றாடி எந்தச் சூட்டில் ஓட வேண்டும் என்று கூடுதலாக ஓர் இடம் சேர்த்திருந்தார்கள், அதுவும் முதல் இரண்டு எண்களுக்கு நடுவில். பழைய வரிசை அப்படியே நின்றதால் எல்லாம் ஓரிடம் தள்ளிப்போய்விட்டது. நாற்பத்தைந்து காற்றாடிக்குப் போனது. சூடு நிற்க வேண்டிய இடத்துக்கு அறுபது வந்து உட்கார்ந்தது. மொத்த நேரத்துக்கு எண்ணே இல்லாமல் பூஜ்யம் விழுந்தது. எங்கள் மெஷினில் பூஜ்யம் என்றால் நிறுத்தாமல் ஓடு என்று அர்த்தம். மிளகுக்கான வரிசையைப் பெயர்களோடு இவரே முன்பு திருத்தி எழுதியிருந்தார். அதை மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று இருந்துவிட்டோம்.

இதையெல்லாம் முதலாளியிடம் மடமடவென்று சொல்லிவிட்டு, "நடுவுல அந்த எடத்தச் செருகுனது யாருன்னா..." என்று ஆரம்பித்தார். எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. பெரியவர் இரண்டடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தார். ஜாடை காட்டினால் இவருக்குத் தெரியாதே என்று கையில் ஒரு கிள்ளு கிள்ளினேன்.

"ஏனுங்கக்கா கிள்றீங்க?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கேட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. அவர் நாற்காலியைத் திருப்பி, பெரியவரின் குரல் வந்த பக்கமாக முகத்தை வைத்துக்கொண்டார். "அய்யா, செருகுனது நாந்தானுங்க. பழைய வரிசையத் தேடிப் பாத்திருக்கோணும், பாக்கல. இத அனுப்பியிருந்தா உங்க காப்பி அறுவது டிகிரில வெந்திருக்கும்."

"அப்படியெல்லாம் ஆகாதுங்க, நம்ம ஆளு அங்கயேதான் இருக்காரு" என்று முதலாளி இடையில் புகுந்தார்.

"ஆயிருக்குமுங்க" என்றார் இவர்.

பெரியவர் மேஜைமேல் கிடந்த கொட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, உங்கள் மெஷினே வேண்டாம் என்று அவர் கிளம்பியிருந்தாலும் நாங்கள் ஒன்றும் சொல்ல முடியாது. இப்படி வலியப் போய் மாட்டிக்கொள்ள வேண்டுமா என்று எனக்கு இவர்மேல் கோபம் கோபமாக வந்தது.

"கோவப்படறதுக்கெல்லாம் இப்ப நேரமில்ல சாமி. மொதல்ல அதச் சரி பண்ணு" என்றார் பெரியவர்.

அதே இடத்தில் உட்கார்ந்து, இவர் ஒவ்வொரு எண்ணோடும் பெயரைச் சேர்த்து எழுதினார். காற்றாடிக்கும் தனியாக ஓர் எண் கொடுத்தார். எழுதியதை ஒவ்வொன்றாகத் தமிழில் வாய்விட்டும் சொன்னார். "சூடு போடறது முப்பத்தெட்டு. நிறுத்தறது நாப்பத்தஞ்சு." பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் "ம்ம், சரிங்க" என்று தலையாட்டினார். இத்தனை வருடத்தில் எங்கள் புரோகிராமை ஒரு விவசாயி உட்கார்ந்து சரிபார்த்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். மறுபடி கம்பைலரில் விட்டார். இந்தத் தடவை அது வாயைத் திறக்கவில்லை.

அனுப்பலாம் என்று இவர் கீபோர்டில் கை வைத்தபோது பெரியவர் தடுத்தார்.

"இங்கிருந்து அனுப்ப வேண்டாமுங்க. இந்தப் புள்ள நேர்ல வந்து ஏத்தட்டும்."

"அங்க மெக்கானிக் இருக்காருங்களே" என்றேன் நான்.

"இருக்கட்டுமுங்க. தப்பு எங்க இருந்துச்சுன்னு எம்மூஞ்சிக்கு நேரா சொன்னது இந்தப் புள்ளதான். இது கையால ஏத்துனா எனக்கு நொம்ப நிம்மதி."

ஜீப்பில் மூவரும் தலைச்சோலைக்குப் போனோம். எதிரே வருகிற வண்டி தெரியாத அளவுக்குப் பனி மூட்டம். கொட்டகையில் இவர் தன் கையாலேயே புரோகிராமை ஏற்றினார். சூடான காற்று வெளியே வருகிற வாய்க்குப் பக்கத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, ஒரு முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். மீட்டரில் எண் மெல்ல மெல்ல ஏறியது. நாற்பத்துமூன்று, நாற்பத்துநான்கு. பெரியவரும் அவர் வீட்டம்மாவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நாற்பத்தைந்தைத் தொட்டதும் 'டிக்' என்று ஒரு சத்தம். "நின்னுருச்சுங்க" என்று மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு முந்தி இவர்தான் சொன்னார். வீட்டம்மா அடுப்படிக்கு ஓடிக் கடுங்காப்பி போட்டு எடுத்து வந்தார். காப்பி மறுநாள் நல்லபடியாகக் காய்ந்து இறங்கியது. வாடை போயே போய்விட்டது.

பிறகு தன் கம்பைலர் மாற்றத்தை, வேறு யாருக்காவது உதவட்டும் என்று அவர் பொதுவில் வைத்தார். இந்த எச்சரிக்கை எதற்காக என்று கூடவே ஒரு குறிப்பு எழுத வேண்டுமாம். இங்கிலீஷில் எழுதிவிட்டு எனக்குத் தமிழில் சொன்னார். இதை எழுதியவர் செய்த தப்பைத்தான் இது முதலில் பிடித்தது என்று அதில் இருந்தது.

"இதப் போயி ஊரறிய எழுதோணுமா கண்ணு?" என்றேன்.

"அப்பத்தானுங்கக்கா மத்தவங்க எடுத்து வச்சுக்குவாங்க. இவளே தப்பு பண்ணியிருக்கா, நாமெல்லாம் எம்மாத்திரம்னு நெனப்பாங்கல்ல?"

அதிலும் ஒரு பெருமை அவருக்கு. சிரிப்பை அடக்க முடியவில்லை எனக்கு.

அடுத்தவர் தப்பைப் பிடிக்கக் காவல் வைக்கிறவர்களை நிறையவே பார்த்திருக்கிறேன். தான் வைத்த காவலில் தானே முதல் ஆளாகச் சிக்கி, அந்தத் தப்பால் எல்லாவற்றையும் இழந்திருக்கக்கூடிய மனிதரின் முகத்துக்கு நேராக "நாந்தானுங்க" என்று ஒருவர் சொன்னபோது, அவர் குரல் கொஞ்சமும் இறங்கவில்லை என்பதை நினைத்தால், அந்தக் கையைக் கிள்ளிய எனக்கு இன்றைக்கும் கண் கலங்கிவிடுகிறது.